சுவரை மோந்து பார்க்கும் வேலை

மலேசியாவில், பத்து பாகாட் என்ற ஊரில், ஒரு சின்னக் கம்பெனியில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். வீட்டுச் சுவரில் பூஞ்சணம் பிடித்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் போய்த் துடைத்து, காயவைத்து, கிராம்பு எண்ணெயோ புல் எண்ணெயோ தெளித்துவிட்டு வருவோம். போன வருடம் ஓய்வு பெற்றேன். சில வாரங்களுக்கு முன் சும்மா எல்லோரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒரு கருவியைக் காட்டினார்கள். கைத்தொலைபேசி அளவுதான் இருக்கும். சுவரில் வைத்தால் ஈரம் எவ்வளவு என்று எண் காட்டுகிறது.

“இது இல்லாதப்போ நீங்கல்லாம் எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

மோந்து பார்த்தோம் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அப்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்தக் கருவி எங்கள் காலத்திலும் கடையில் இருந்திருக்கும். முதலாளி மிஸ் லிம் வாங்கவில்லை. தணிகாசலம் அண்ணனின் மூக்கு இருக்கும்போது அது எதற்கு என்பது அவருடைய எண்ணம்.

அதற்கு முன்பு நான் ஒரு துணி ஆலையில் மடிப்புப் பிரிவில் இருந்தேன். ஆலையை மூடினார்கள். வயது நாற்பத்து நான்கு. மிஸ் லிம் கேட்டது ஒரே கேள்விதான்: பல்லி விழுந்தால் கத்துவாயா? கத்தமாட்டேன் என்றேன். மறுநாளே தணிகாசலம் அண்ணனின் வண்டியில் ஏற்றிவிட்டார். பயிற்சி என்று பார்த்தால் இரண்டு வாரம் பக்கெட் தூக்கியதுதான்.

தணிகாசலம் அண்ணன் எங்கள் சூப்பர்வைசர். ஒல்லியான, உயரமான மனிதர். வேலைநாளில் பவுடர் போடமாட்டார். தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டார். மதியம் வரை காபி குடிக்கமாட்டார். வாசனை மூக்கைக் கெடுக்கும் என்பார். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நடுக்கூடத்தில் நின்று, மூன்று முறை பூனைபோல் கத்துவார். முதல் நாள் நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பூனைக்கு இந்த எண்ணெய்கள் ஆகாது, விஷம். பூனை இருக்கிறதா என்று கேட்டால் வேலை நின்றுவிடுமோ என்று பயந்து மக்கள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் பூனைக்குப் பொய் சொல்லத் தெரியாது. கூப்பிட்டால் வந்துவிடும். வந்துவிட்டால் எண்ணெய் கிடையாது, சோப்புத் தண்ணீர் மட்டும்தான்.

பிறகு சுவர். இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடி மெதுவாக நடப்பார். மூக்குக்கும் சுவருக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். மூன்று சின்ன மூச்சு இழுப்பார், ஒரு அடி நகர்வார், மறுபடி மூன்று. வீட்டுக்காரர்கள் பின்னாலேயே போவார்கள். கடைசியில் அவர் கண்ணைத் திறந்து ஒரே ஒரு சொல் சொல்வார். “குழாய்.” அல்லது “மழை.” அல்லது “மூச்சு.” அவர் கணக்கில் சுவருக்கு வரும் நோய் இந்த மூன்றுதான். குழாய்த் தண்ணீர் கசிந்த சுவரில் ஈர மண்ணும் துருவும் கலந்து வாசம் வரும். மழை இறங்கிய சுவரில் நனைந்த சிமெண்டு வாசம். ஏர்கான் போட்டு அறையை மூடியே வைத்து, உள்ளே இருப்பவர்களின் மூச்சு ஈரமாகப் படிந்த சுவரில் பழைய தலையணை உறையின் வாசம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் பின்னாலேயே பக்கெட்டோடு நடந்து நடந்து, அவர் சொல்வதற்கு முன்னால் எனக்கும் அந்தச் சொல் தெரிய ஆரம்பித்தது. வாயைத் திறக்கமாட்டேன். பக்கெட் தூக்குகிறவளிடம் யார் கேட்கப்போகிறார்கள்?

துடைப்பதற்கும் ஒரு முறை உண்டு. காய்ந்த துணியால் பூஞ்சணத்தைத் தொடக் கூடாது, தொட்டால் வீடு முழுக்க விதை தூவியது போலாகும். முதலில் சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளித்து நனைக்க வேண்டும். துணியை எட்டாக மடித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. துணியின் அதே பக்கத்தால் மறுபடி இழுக்கக் கூடாது. பிறகு இரண்டு நாள் விசிறி. அதற்கப்புறம்தான் எண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி கிராம்பு எண்ணெய், அதையும் முதலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கலக்கி, அப்புறம் தண்ணீரில் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மேலேயே மிதக்கும். தெளித்த பிறகு துடைக்கக் கூடாது. வெள்ளைச் சுவராக இருந்தால் அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலையில் தெளித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், மஞ்சளாகக் கறை விழும்.

இத்தனையும் செய்துவிட்டு அண்ணன் வீட்டுக்காரர்களிடம் ஒன்று சொல்வார். எண்ணெய் பூஞ்சணத்தை வரவிடாமல் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளும், ஆனால் தண்ணீரை நிறுத்தாது, ஓட்டையை அடைக்காவிட்டால் கிராம்புத் தோட்டத்தையே கொண்டுவந்து ஊற்றினாலும் பயனில்லை. மிஸ் லிம்முக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. ஆனாலும் விட்டுவிட்டார், ஏனென்றால் அண்ணனின் பெயர் ஊரெல்லாம் பரவியிருந்தது. குளுவாங் ஊரிலிருந்தெல்லாம் போன் செய்து, மூக்குக்காரரை அனுப்புங்கள் என்று கேட்பார்கள்.

பிறகு கோவிட் வந்தது. அண்ணனுக்கும் வந்து, இரண்டு வாரம் வீட்டில் கிடந்து எழுந்தார். வேலைக்குத் திரும்பியபோது ஆள் முன்பைவிட மெலிந்திருந்தார், அவ்வளவுதான். பூனைபோல் கத்தினார், சுவரோடு நடந்தார், சொல்லைச் சொன்னார். முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தார் என்பதைக் கவனித்தேன். வயது ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் ஒரு நோன்பு மாதத்தில்தான் வெளிப்பட்டது. வரிசை வீடுகள் உள்ள ஒரு தாமான் குடியிருப்பில், கோடி வீட்டில் வேலை. நோன்பு மாதத்தில் புல் எண்ணெய் மட்டும்தான் தெளிக்க வேண்டும் என்பது அண்ணன் போட்ட சட்டம். அன்று அவசரத்தில் ஸ்டோரிலிருந்து நான் எடுத்து வந்த டப்பாவில் இருந்தவை கிராம்பும் பட்டையும். வழக்கமாக மூடியைத் திறந்ததுமே என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார். அன்று அவரே கலக்கி, அவரே மூன்று அறைக்கும் தெளித்தார். நான் மாடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி வந்தால் வீடு முழுக்கப் பிரியாணி வாசம். எங்கள் ஊர் பிரியாணி காம் எப்படி மணக்கும் என்று பத்து பாகாட்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே மணம்.

சாயந்திரம் நான்கு மணிக்குக் கேட்டில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மூன்று வீட்டுக்காரர்கள், ஒரு மோட்டார் சைக்கிள்காரர், கையில் அடுக்குச் சட்டியோடு ஒரு மாக்சிக், வயதான மலாய் அம்மா. பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள். நோன்பு திறக்க எத்தனை மணிக்குக் கிடைக்கும், ஆட்டுக்கறியா கோழியா என்று மரியாதையாகக் கேட்டார்கள். தணிகாசலம் அண்ணன் ஸ்பிரே டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்தார்.

“என்ன பிரியாணி?” என்றார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது. மாக்சிக்கிடம் நான் மன்னிப்புக் கேட்டு, இது சுவருக்கு என்றேன். சுவருக்குப் பிரியாணியா என்று அவர் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

வண்டியில் அண்ணன் ஸ்பிரே டப்பாவின் மூடியைத் திருகி மூடினார். பிறகு, காய்ச்சல் விட்டதிலிருந்து எந்த வாசமும் தெரியவில்லை என்றார். சோறும் அட்டையும் ஒன்றுதான். இத்தனை மாதமாகச் சுவரைக் கண்ணால் பார்த்து, கறையின் உயரத்தை வைத்து, பழைய அனுபவத்தில் ஊகித்துச் சொல்லியிருக்கிறார். மனைவிக்குக்கூடத் தெரியாது. அவள் குழம்பில் உப்பு அதிகமா என்று கேட்டால், சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாராம்.

அன்றிலிருந்து அவருக்காக நான் மோந்தேன்.

முதலில் இருமல் வைத்துக்கொண்டோம். ஒரு இருமல் என்றால் குழாய், இரண்டு மழை, மூன்று மூச்சு. இரண்டாவது வீட்டிலேயே அது ஆபத்தாகப் போனது. மூன்று முறை இருமியதும் வீட்டுக்காரர் எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டு, உள்ளே போய்க் கோவிட் சோதனைப் பெட்டி ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். அவர் முன்னாலேயே மூக்கில் குச்சியை விட்டுக் காட்டிய பிறகுதான் வேலை நடந்தது. அப்புறம் பக்கெட்டுக்கு மாறினோம். அண்ணன் கண்ணை மூடி மூச்சிழுப்பார், பின்னால் நான் பக்கெட்டின் கைப்பிடியை ஒன்றோ இரண்டோ மூன்றோ தடவை தட்டுவேன், அவர் கண்ணைத் திறந்து சொல்லைச் சொல்வார். வீட்டுக்காரர்கள் வியந்துபோவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இது கடவுள் கொடுத்த மூக்கு என்றபோது, நான் பக்கெட்டோடு வாசலில் நின்றேன்.

இந்த நிலையில்தான் பாக்கியத்தின் வீட்டு வேலை வந்தது.

பாக்கியம் விதவை. எங்கள் ஊர்த் தாமான் ஒன்றில் வரிசை வீட்டில் தனியாக இருந்தார். அடுத்த வீட்டுக்காரர் நடேசன், லாரிக் கம்பெனியில் கிராணியாக, கணக்கெழுதுபவராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. பாக்கியத்தின் மகள் யமுனாவும் நடேசனின் மகனும் சின்ன வயதிலிருந்து அண்டை வீட்டுப் பிள்ளைகள், அப்படியே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை, எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் வாடகை வீடு. ஆக, இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சம்பந்திகள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடேசன் தன் காரைப் பாக்கியத்தின் கேட்டை மறித்து நிறுத்தினார் என்பதில் ஆரம்பித்தது. எட்டு மாதமாக, பாக்கியம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் கைத்தொலைபேசியில் பேசிப் பதிந்து மகளுக்கு அனுப்புவார். மகள் சிங்கப்பூரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கேட்டு, பதமாக்கி மாமனாருக்கு அனுப்புவாள். பதில் அதே வழியில் திரும்பி வரும். குப்பைத் தொட்டியை நகர்த்துங்கள் என்ற செய்தி செங்கல் சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போக ஒரு நாள் ஆகும்.

யமுனா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்து இளைப்பு உண்டு. அவளுக்கென்று வைத்திருந்த கீழ்த்தளத்துப் பின்னறையில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவரில், தரையிலிருந்து இடுப்புயரம் வரை கரும்பூஞ்சணம். இந்த அறையில் படுக்கவே கூடாது என்று கிளினிக்கில் டாக்டர் சொல்லிவிட்டார். உடனே நடேசனிடமிருந்து சிங்கப்பூர் வழியாகச் செய்தி வந்தது: மருமகள் எங்கள் வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளட்டும், எங்கள் சுவர் சுத்தமாக இருக்கிறது. பாக்கியம் அன்று சாப்பிடவில்லையாம்.

முதல் தடவை நாங்கள் போனபோது நான் பக்கெட்டை இரண்டு முறை தட்டினேன். மழை என்று. அண்ணனும் மழை என்றார். தப்பு. எங்களுக்கு முன்னால் பாக்கியம் குளோரக்ஸ் பிளீச்சை ஊற்றித் தேய்த்திருந்தார், அந்த நெடியில் என் மூக்கு ஏமாந்துவிட்டது. வெளிச்சுவர் விரிசலை அடைக்கச் சொல்லிவிட்டு, துடைத்துக் கிராம்பு தெளித்தோம். மூன்றே வாரத்தில் அதே இடத்தில் அதே கறுப்பு திரும்பி வந்தது. மிஸ் லிம் அண்ணனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் திட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தப்பு என்னுடையது, திட்டு அவருக்கு. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இனிமேல் கவனமாக இருக்கிறேன் மிஸ் என்று மட்டும் சொன்னார். என் வேலை வாழ்க்கையில் அன்று பட்ட வெட்கம் வேறு எப்போதும் பட்டதில்லை.

இரண்டாம் முறை நிதானமாக மோந்தேன். துரு, ஈர மண். குழாய்தான். பாக்கியத்தின் பக்கம் அந்த இடத்தில் குழாயே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நடேசனின் குளியலறை. பாக்கியம் மகள் வழியாகச் சொல்லி அனுப்பினார். நடேசன் மகன் வழியாகப் பதில் அனுப்பினார்: நிரூபிக்கட்டும்.

இதற்கு அண்ணனிடம் ஒரு வழி இருந்தது. சந்தேகப்படும் குளியலறையில், தரையில் தண்ணீர் இறங்கும் ஓட்டைக்குள் செராய் வாங்கி என்ற எண்ணெயை ஊற்றி, பின்னாலேயே சூடான தண்ணீரை ஊற்ற வேண்டும். கொசுவை விரட்டத் தடவுவோமே, அந்தப் புல் எண்ணெய். குழாயில் வெடிப்பு இருந்தால் ஆவி அதன் வழியே கசியும்; சுவரின் மறுபக்கத்தில் எங்கே மணக்கிறதோ அங்கேதான் தண்ணீரும் வருகிறது. இரண்டு நாளைக்கு இரண்டு வீட்டிலும் தரை கழுவும் மருந்து, கொசுத் தைலம் எதுவும் கூடாது. முக்கியமான விதி ஒன்று உண்டு. ஊற்றுகிற ஆள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும், கூப்பிடும்வரை வெளியே வரக் கூடாது. ஏனென்றால் வாசம் அவர் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும்.

நடேசன் சம்மதித்தார், இரண்டு நிபந்தனையோடு. ஊற்றும் ஆள் விதியை மீறாமல் குளியலறை வாசலில் அவரே நாற்காலி போட்டு உட்காருவார். மோந்து தீர்ப்புச் சொல்வது தணிகாசலம்தான், வேறு யார் சொன்னாலும் செல்லாது.

ஊற்றுவதற்கு என்னைத் தவிர ஆளில்லை. நான் உள்ளே அடைபட்டால் அண்ணனுக்குப் பக்கெட் தட்ட ஆள் ஏது? வண்டியை அந்தத் தெருமுனையில் நிறுத்திவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

“அண்ணே, உண்மையச் சொல்லிருவோம்,” என்றேன்.

“சொல்லிட்டு? நாளைலருந்து நான் என்னா வேல செய்யிறது? மூக்கில்லாத ஆள எவன் வூட்டுக்குள்ள விடுவான்?”

“நீங்க ஊத்துங்க. நான் மோந்து பாக்குறேன்.”

“அவரு ஒத்துக்க மாட்டாரு. நீ பக்கெட் தூக்குறவ.”

அவர் அதைக் கேவலமாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். ஆனாலும் நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து, யோசனை ஒன்று சொன்னேன். பாக்கியம் பக்கத்திலேயே நிற்பார். வாசம் வந்ததும் அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சுவரோரம் நடந்து, முகம் மாறும் இடத்தில் நின்று சொல்லிவிட வேண்டியதுதான். அண்ணன் தலையாட்டினார். அந்த முகம் சீக்கிரம் மாற வேண்டுமே என்று, இரண்டு மூடி ஊற்ற வேண்டிய எண்ணெயை நான் பாட்டிலோடு கவிழ்ப்பதென்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அது என் இரண்டாவது தப்பு.

நடேசன் வீட்டில் என்னைக் குளியலறைக்குள் விட்டு, ஒரு பிளாஸ்கில் வெந்நீரும் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே உட்கார்ந்தார். பாட்டிலைக் கவிழ்த்தேன், வெந்நீரை ஊற்றினேன். புகைபோல் எழுந்து கண்ணில் அடித்தது. கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்துகொண்டேன். வெளியே நடேசன் தும்ம ஆரம்பித்தார். ஏழு தும்மல் வரை எண்ணினேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நடந்ததைப் பாக்கியம் பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வீரியமான எண்ணெய் என்பதால் முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லி யமுனா காலையிலேயே அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். பாக்கியம் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருந்தார். அண்ணன் பார்ப்பதற்கு முகமே இல்லை, கண் மட்டும்தான். அவர் சுவரோரம் போனார், வந்தார், அந்தக் கண்ணைப் பார்த்தார், மறுபடி போனார். நான் ஊற்றிய பாட்டில் அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது. குளியலறைச் சன்னல் வழியாக வெளியேறி, பின்பக்கச் சந்தில் பரவி, பாக்கியத்தின் அடுப்படி வழியாக உள்ளே வந்து கூடம் முழுக்க நின்றது. தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தாராம். அந்த வாசத்தின் நடுவே நின்றுகொண்டு தணிகாசலம் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் ஊத்தலியாம்மா?” என்றார்.

பாக்கியம் இரண்டு முகக்கவசத்தையும் கழற்றினார். “தெருவே நாறுது. இன்னும் ஊத்தலியான்னு கேக்குறீங்க?” என்றார்.

அவர் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. நடேசன் நாற்காலியை விட்டு எழுந்து, எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பாக்கியத்தின் கேட்டுக்குள் வந்தார். மூக்கில்லாதவரை வைத்து நாடகமா, எல்லாம் செல்லாது, மருமகள் என் வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று கத்தினார். இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறோம் என்பதைக் கவனிக்காமலேயே வெகுநேரம் சண்டை போட்டார்களாம். தணிகாசலம் அண்ணன் ஒரு நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தார். சத்தம் ஓய்ந்ததும் பேசினார்.

“காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு மூக்கு இல்லீங்க. ஒரு வருஷத்துக்கு மேல எல்லா வூட்டுலயும் மோந்து சொன்னது அந்தப் பொண்ணு பத்மாதான். நான் சும்மா கண்ண மூடிக்கிட்டு நின்னேன். குழாய்ன்னு சொன்னது அவ. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

பதினாறு வருடத்தில் என்னைப் பற்றி ஒருவர் சொன்ன மிகப் பெரிய சொல் இது. அது சொல்லப்பட்ட நேரத்தில் நான் பக்கத்து வீட்டுக் குளியலறையில், கண்ணில் தண்ணீர் வழிய வாளிமேல் உட்கார்ந்திருந்தேன்.

நடேசன் அப்போதும் மசியவில்லை. வாசம் சன்னல் வழியாகத்தான் வந்தது, சுவர் வழியாக இல்லை என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தீர்ப்புச் சொல்ல ஒரு மூக்கு வேண்டும். பாக்கியத்தின் மூக்கை நடேசன் ஏற்கமாட்டார். என் மூக்கு எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அண்ணனுக்கு மூக்கே இல்லை. கடைசியில் பாக்கியம்தான், அவரே மோந்து பார்க்கட்டுமே என்றார்.

ஆனால் நடேசன் வாசலிலேயே உட்கார்ந்து எண்ணெய் வாசம் பிடித்தவர். அண்ணன் தன் விதிகளில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. குளித்து, வேறு துணி மாற்றி, கால் மணி நேரம் தெருவில் நல்ல காற்றில் நின்றுவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டார். நடேசனின் குளியலறையில் நான் இருந்தேன், அவர் வீட்டுத் துணிகளிலெல்லாம் எண்ணெய் நெடி ஏறியிருந்தது. எனவே அவர் பாக்கியத்தின் மாடிக் குளியலறையில் குளித்தார். மாற்றுத் துணியாகப் பாக்கியம் தன் இறந்துபோன கணவரின் கைலி ஒன்றையும் பனியனையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கதவில் தொங்கவிட்டார். அதைக் கட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு, தெருவில் மாமரத்தடியில் கால் மணி நேரம் நின்றார் நடேசன். அதற்குள் அண்ணனும் பாக்கியமும் விசிறி வைத்து வீட்டுக் காற்றை வெளியே தள்ளிவிட்டு, சன்னல்களைச் சாத்தினார்கள்.

அந்தக் கைலியில் அவர் அறைக்குள் வந்தபோது பாக்கியம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாராம். நடேசன் அண்ணனைப் போலவே இடது கையைச் சுவரில் வைத்து நடந்தார். ஒன்றும் இல்லை. பிறகு மண்டியிட்டு, தரையோரமாக, கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மூன்று சின்ன மூச்சு. மறுபடி மூன்று. வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை.

“சம்பந்தி?” என்றார் பாக்கியம்.

கட்டிலுக்கு அடியிலிருந்து, “என் பக்கந்தாங்க,” என்று குரல் வந்தது.

அப்போதுதான் என் நினைவு வந்திருக்கிறது அவர்களுக்கு. கதவு திறந்தபோது பார்த்தேன், நடேசன் வேறு யாருடைய கைலியிலோ, முழங்காலில் தூசியோடு நின்றார். “வாங்கம்மா, நான் தோத்துட்டேன்,” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலை முடிந்ததா என்று கேட்டேன். நான் உள்ளே போய் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாளே பிளம்பர் வந்து தரையை உடைத்தார். தண்ணீர் இறங்கும் ஓட்டைக்குக் கீழே குழாய் இணைப்பு விட்டுப்போயிருந்தது, நடேசன் குளித்த தண்ணீரில் பாதி அந்தச் சுவரைத்தான் குளிப்பாட்டியிருக்கிறது. மாற்றிய பிறகு பாக்கியத்தின் பக்கம் ஊறிப்போன பூச்சை இடுப்புயரம் வரை கொத்தி எடுத்தோம். ஐந்து வாரம் காயவிட்டோம். புதுப் பூச்சும் காய்ந்த பிறகுதான் கிராம்பு தெளித்தோம். யமுனா ஒன்பதாம் மாதம் அந்த அறைக்கு வந்தாள். பெண் குழந்தை. இருவருக்கும் மூச்சில் ஒரு குறையும் இல்லை. சம்பந்திகள் ஒரேயடியாக நெருங்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நடேசன் கைலியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கேட்டில் மாட்டியிருக்கிறேன் என்று சிங்கப்பூர் வழியாகத்தான் சொல்லி அனுப்பினாராம். ஆனால் காரை நகர்த்தி நிறுத்தினார்.

மிஸ் லிம்மிடம் அண்ணன் தானே போய்ச் சொன்னார். என்னையும் கூப்பிட்டார்கள். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தோம். மிஸ் லிம், வீட்டுக்காரர்களுக்கு நம்பிக்கை வருவது அண்ணன் பேசும்போது, கண்டுபிடிப்பது நான், இதில் யாரை நிறுத்துவது என்று அவரே கேட்டுக்கொண்டார். மறுவாரத்திலிருந்து நான் சுவரோரம் நடந்தேன். பூனைபோல் கத்துவதும் கலக்குவதும் பேசுவதும் அண்ணன். பக்கெட்டை முறைபோட்டுத் தூக்கினோம்.

அண்ணன் என்னைவிட இரண்டு வருடம் முன்னால் ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி மாதத்தில் காஹாங்கில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு ரப்பர் தொழிற்சாலை உண்டு, கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், குவித்து வைக்கும் கிடங்கு. அந்த நாற்றத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும், பேருந்தில் போகிறவர்கள்கூடச் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். நான் வழக்கம்போல் கண்ணாடியை ஏற்றினேன். அண்ணன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். தலையை வெளியே நீட்டினார்.

“பத்மா, வண்டிய நிப்பாட்டு,” என்றார்.

ஓரங்கட்டினேன். அவர் இறங்கிப் போய், தொழிற்சாலை வேலியோரம் நின்றார்.

“நாறுது,” என்றார். “பத்மா, நாறுதுடி.”

காஹாங்கில் வீட்டுக்காரர்கள் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் கண்ணை மூடி, மூன்று சின்ன மூச்சு, மறுபடி மூன்று என்று இழுத்துக்கொண்டே நின்றார். நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவர் போதும் என்று சொல்லும்வரை பக்கத்தில் நின்றேன்.